தோளுக்கினியானும் நீலப் பக்கெட்டும்

பெருமாளின் திருமுன்னர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த ஆதிகேசவனால் எழுந்திருக்க முடியவில்லை.

விழும்போது ஒரு குறையும் இல்லை. பெங்களூரு மர்பி டவுன் பெருமாள் கோயில் கல்தரையில் பல்லாண்டுகளாக விழுந்து எழுந்து பழகிய உடம்புதான். கைகள் தலைக்கு மேல் கூம்பின, நெற்றி குளிர்ந்த கல்லைத் தொட்டது, நெஞ்சம் நீராயிற்று. எழலாம் என்று இடுப்பை அசைத்த கணத்தில் வலப்புறம் எதுவோ பூட்டிக்கொண்டது. பூட்டியவர் யாராயினும் சாவியை அல்சூர் ஏரியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

கத்தியிருக்கலாம். ஆனால் சன்னிதியில் கத்துவது அபசாரம். ஆகவே வலியைப் பாசுரம்போல் இழுத்து மெல்ல முனகினார். அந்த முனகல் பின்னால் நின்றவர்களை உருக்கிவிட்டது. ஓர் அம்மாள் குனிந்து அவர் குதிகாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தீபாராதனைத் தட்டோடு வந்த அர்ச்சகர், "எப்பேர்ப்பட்ட ஈடுபாடு, பாருங்கோ" என்று சொல்லி, அவர் முதுகின்மேல் ஒரு துளசி மாலையையும் சாத்திவிட்டுப் போனார்.

உண்மையைக் கண்டுபிடித்தவன் பச்சைமுத்து.

"இன்னாணா, பக்தியா, புடிப்பா?" என்று காதருகே குந்திக் கேட்டான்.

"புடிப்பு" என்றார் ஆதிகேசவன், கல்லைப் பார்த்தபடியே.

பச்சைமுத்துவின் முகத்தில் பரிவு தோன்றியது. பரிவுக்குப் பின்னால், மேகத்துக்குப் பின்னால் வெயில்போல, வேறொன்றும் தோன்றியது. அதற்குக் காரணம் இருந்தது.

பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோயில் பெருமாள் தோளுக்கினியானில் எழுந்தருளி வீதிவலம் வருவார். மூங்கில் தண்டுகளின்மேல் அமைந்த அந்தப் பல்லக்கைத் தூக்குகிறவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். முன்தண்டின் வலப்புறம் ஆதிகேசவனுடையது. மீசை முளைத்த காலத்தில் பிடித்த தண்டு. மீசை நரைத்தும் விடவில்லை. கோயில் வழக்கம் அப்படி: ஒருவர் தோள் கொடுத்த இடத்தில், அவராக விலகும்வரை வேறொருவர் தோள் படாது. ஓர் ஆண்டு விலகினாலோ, அந்த இடம் அவ்வாண்டு தூக்கியவனுக்கே உரியது, திரும்பி வராது.

அரசுத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஆதிகேசவனுக்கு, இவ்வுலகில் மிஞ்சியிருந்த பதவி அந்தத் தண்டு ஒன்றே. பச்சைமுத்து பத்தாண்டுகளாகப் பின்வரிசையில் மாற்று ஆளாக நடந்துகொண்டிருப்பவன். உத்திரத்துக்கோ இன்னும் இரண்டே வாரம்.

"கவலப்படாதீங்கணா. ஒண்ணியும் ஆவாது. ஆனா எதுக்கும் நான் தோள்ல எண்ண தடவி வெச்சிக்கிறேன்" என்றான்.

அவனும் இன்னும் மூவருமாக ஆதிகேசவனைத் தூக்கினார்கள். இத்தனை காலம் தூக்கியவர் அன்று தூக்கப்பட்டார். அந்த அவமானம் வலியைவிடக் கூர்மையாக இருந்தது.

வீட்டில் மனைவி முத்தம்மா தைலம் தேய்த்தாள். பலனில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "இன்னும் சூடா" என்று அவர் அதட்டியதில் தோல் சிவந்து, கவிழ்ந்து மட்டுமே படுக்கலாம் என்றாயிற்று. மூன்றாம் நாள் பச்சைமுத்து வந்து நின்றான்.

"அண்ணிக்குச் சொல்லல நீங்க? நான் காலால பொறந்தவன். காலு மொதல்ல வெளிய வந்தவன் ஒதைச்சா சுளுக்கு நிக்காது. ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்த மருத்துவந்தான். கால் முதலில் வரப் பிறந்தவன் காலால் நீவினால் சுளுக்கு அகலும் என்பதை ஆதிகேசவனும் நம்பினார். ஆனால், தம் தண்டுக்குக் காத்திருப்பவனிடம் தம் முதுகைக் கொடுப்பது எத்தகைய நம்பிக்கை என்பதை அவர் எண்ணவில்லை. பச்சைமுத்து நீவவில்லை, பத்தாண்டுக் காத்திருப்பையும் பாதத்தில் வைத்து ஓர் உதை உதைத்தான். அதன்பின் ஆதிகேசவன் எழுந்து நின்றார். உண்மைதான், நின்றார். ஆனால் பிறைச்சந்திரனின் வடிவில் நின்றார்.

"நின்னுட்டாரு பாத்தியா அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பச்சைமுத்து போய்விட்டான்.

முத்தம்மா தண்ணீர்ப் பக்கெட்டைக் கீழே வைத்தாள். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் கீழ்வீட்டுத் தொட்டிக்குத்தான் வரும். அங்கிருந்து மாடிக்குத் தூக்கி வருவது அவள் வேலை. சில மாதங்களாக அவள் தூக்கும் முறையே வேடிக்கையாக மாறியிருந்தது. இடுப்பை வளைப்பதில்லை. பக்கெட்டுக்கு நேரே போய் நின்று, முழங்காலை மடித்துத் தாழ்ந்து, பாரத்தை வயிற்றோடு அணைத்து, நிமிர்ந்த முதுகோடு எழுவாள். "இன்னா, பல்லக்குத் தூக்கப் பழகுறியா?" என்று ஆதிகேசவன் ஒருமுறை சாய்வு நாற்காலியிலிருந்து கேலி செய்ததுண்டு.

"யாராவது தூக்கணுமே" என்றாள் அவள்.

அந்தப் பதிலின் பாரத்தை அவர் அன்று தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது அவள் சொன்னாள்: "ஏங்க, ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு டாக்டர் இருக்காராம். ஊசி மருந்து இல்லாம, கையாலயே முதுகெலும்பச் சரி பண்றாராம். கைரோப்ராக்டர்னு பேரு."

"கைரோ... என்னது?" அவர் இருமுறை முயன்றார், நாக்கும் சுளுக்கிக்கொண்டது. "யார் சொன்னா?"

"சனிக்கிழமை பஜனையில சொன்னாங்க."

"எலும்பை நெட்டி முறிக்கிறதுக்கு ஒரு டாக்டரா? நம்ம சலூன்லயே தலைமுடி வெட்டினா கழுத்தைச் சும்மா முறிச்சு விடறானே."

"உத்திரத்துக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு" என்றாள் முத்தம்மா.

அவளே போன் செய்து சனிக்கிழமை காலைக்கு நேரம் வாங்கினாள். "அன்னிக்கு உனக்குப் பஜனை இருக்கே" என்று அவர் நினைவூட்டியபோது, "இந்த வாரம் பரவால்ல" என்றாள். முதல் தடவை வருகிறவர் வயிறு நிறையச் சாப்பிட்டு வர வேண்டும், தளர்ந்த உடை உடுத்தி வர வேண்டும் என்று சொன்னார்களாம்.

செய்தி தெருவில் பரவிற்று. பச்சைமுத்து படியேறி வந்து, "அமெரிக்கா வைத்தியமாம்ணா. கழுத்தப் புடிச்சு ஒரே திருப்பு. நீலசந்திராவுல ஒருத்தருக்கு மூஞ்சி முதுகுப் பக்கமே நின்னுட்டுதாம். இப்ப அவரு நடந்தா வர்றாரா போறாரான்னு தெரியாதாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

விளைவு, சனிக்கிழமை காலை ஆதிகேசவனுக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. பயத்தை விரதம் என்று பெயரிட்டு மறைத்தார். தளர்ந்த உடை என்றதற்கு மாறாக, பெருமாளைத் தூக்கும்போது கட்டும் பஞ்சகச்சத்தை இறுக்கிக் கட்டி, அதன்மேல் அரைக்கச்சையும் சுற்றினார். என்ன நேர்ந்தாலும் சீர்பாதம் தாங்கியாக நேரட்டும் என்பது அவர் எண்ணம்.

ஆட்டோவில் ஏறுவதே ஒரு திருவிளையாடலாக நடந்தது. பிறைவடிவில் இருந்தவரை எந்தப் பக்கமாக நுழைத்தாலும் ஒரு முனை வெளியே நின்றது. ஓட்டுநர் கோவிந்தப்பா பொறுமையிழந்து, "சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் ஒடுங்கிக்கொள்ளச் சொன்னார். முத்தம்மா தன் மடியில் அவர் தலையை வாங்கிக்கொண்டாள். ரிச்சர்ட்ஸ் டவுன் மரநிழலுக்குள் வண்டி நுழைந்ததும், "பார்க் தாண்டி எடக்கே தகொள்ளி" என்று, இடப்பக்கம் திரும்பும்படி அவளே வழி சொன்னாள். மடியில் கிடந்தவர் அதை வண்டியின் ஓசைகளுள் ஒன்றாகக் கேட்டார்.

பழைய பங்களா ஒன்றின் முன்கூடத்தில் மருத்துவமனை இருந்தது. வாசலில் கிடந்த கிழநாய் ஆதிகேசவனைப் பார்த்துக் குரைத்தது. முத்தம்மாவைப் பார்த்து வாலாட்டி, அவள் கூடையை முகர்ந்தது. அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்துப் போட்டாள்.

"நாய்க்குக்கூட இவ கையில சோறு இருக்கிறது தெரியுது" என்று ஆதிகேசவன் முனகினார்.

உள்ளே மேசையருகே டோரீன் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த வட்டாரத்தில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தவள். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் அவள் வாயில் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும்.

"அங்கிள், மூணாவது சேர் வேணாம், அதுக்கு மேல ஃபேன் சுத்தாது" என்று அவள் சொல்லும்போதே முத்தம்மா அவரை முதல் நாற்காலியில் அமர்த்தியிருந்தாள். "சொல்லுங்க அங்கிள். வலி எங்க, எப்பலேருந்து, எது செஞ்சா அதிகமாவுது?" என்று டோரீன் கேட்டாள்.

ஆதிகேசவன் கண்களை மூடிக்கொண்டார். அந்நியப் பெண்ணிடம் இடுப்பைப் பற்றிப் பேசுவது அவர் மரபில் இல்லை. மேலும், மனத்துக்குள் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாம் அவளைக் கேளும்மா" என்றார். வீட்டில் பால்காரனுக்கும் மின்சார ஆபீசுக்கும் அவர் சொல்லும் அதே சொல்.

"சரி, ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க."

முத்தம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், திருத்தமாகச் சொன்னாள்:

"ரெண்டு வருசமா வலி. இடுப்புல ஆரம்பிச்சு இடது கால் வழியா குதிகால் வரைக்கும் இழுக்கும். தண்ணி தூக்கறப்போ வரும். கேஸ் சிலிண்டர நகத்தறப்போ வரும். குனிஞ்சு பெருக்க முடியாது. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா தூக்கம் வராது. யார எழுப்பறதுன்னு முழிச்சுக்கினே கெடக்கணும்."

ஆதிகேசவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். தம் வலி ஒருவாரத்து வலி, வலப்பக்கத்து வலி. இவள் என்ன, இடம் வலம் தெரியாமல் உளறுகிறாள்? மறுகணம் அவருக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாகத் தோன்றிற்று. ரேஷன் ஆபீசில் இரண்டை நாலாகச் சொன்னால்தான் ஒன்றாவது கிடைக்கும். கெட்டிக்காரி, வலியைப் பெருக்கிச் சொல்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாசுரத்தைத் தொடர்ந்தார்.

டாக்டர் ராஜேந்திரன் இளைஞர். அமெரிக்காவில் படித்துவிட்டுத் தந்தையின் பங்களாவுக்கே திரும்பி வந்தவர். ஆதிகேசவனின் கழுத்தை அவர் தொடவேயில்லை. முத்தம்மாவை வெளியே இருத்திவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, டோரீன் எழுதியதைப் படித்தார்.

"முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான் சார். பயப்படாதீங்க. ரெண்டு வருஷமா வலி, இல்லையா?"

இங்கேதான் ஆதிகேசவன் திரும்பியிருக்க வேண்டும். இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல் முத்தம்மாவைப் பொய்க்காரியாக்கும். கைப்பிடித்தவளைப் பிறர்முன் தலைகுனிய வைப்பது அறமாகாது என்று கருதி, "ஆமாம்" என்றார். வீட்டில் அவள் குனிந்துகொண்டே இருந்தது அவர் கணக்கில் வரவில்லை.

"இடது கால்?"

"இடதுதான்."

"தண்ணி பக்கெட் மாடிக்குத் தூக்கறப்போ வருது."

"வருது."

"நீங்களா தூக்கறீங்க?"

ஆதிகேசவனின் நா ஒரு கணம் தயங்கியது. "வேற யாரு?"

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "ரொம்ப அபூர்வம் சார். உங்க வயசுல இப்படி வீட்டு வேலை செய்யற ஆம்பளையை நான் பார்த்ததில்ல. ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட்?"

எத்தனை? சாய்வு நாற்காலியிலிருந்து கேட்கும்போது படியேறும் ஓசை ஒரே ஓசையாகத்தான் கேட்கும். "ஒண்ணு" என்றார்.

"ஒரு பக்கெட்லயா ரெண்டு பேரும் குளிச்சு, துவைச்சு, சமைக்கிறீங்க?"

"பெரிய பக்கெட்."

"சிலிண்டரை எப்படி நகர்த்துவீங்க, உருட்டியா?"

"உருட்டறது என்ன, தூக்கிடுவேன். பெருமாளையே தூக்கறவன்."

"அப்ப ரொம்ப வசதி" என்று டாக்டர் எழுந்து, மூலையிலிருந்த நீல பிளாஸ்டிக் பக்கெட்டில் பாதியளவு தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். "வீட்ல எப்படித் தூக்குவீங்களோ அப்படியே தூக்கிக் காட்டுங்க. வலிச்சா விட்டுடுங்க."

ஆதிகேசவன் பக்கெட்டைப் பார்த்தார். பக்கெட்டும் அவரைப் பார்த்தது. அவர் வாழ்நாளில் தூக்கிப் பழகிய பாரம் ஒன்றே. அதைத் தூக்கும் முறையும் ஒன்றே. வலத்தோளைத் தாழ்த்தி, பக்கெட்டுக்குப் பக்கவாட்டில் சென்று, அதைத் தோளுக்கு ஏற்ற முயன்றார். முழங்காலளவு ஏறிய பக்கெட், அதற்குமேல் தனக்கு இந்த மரியாதை தகாது என்பதுபோல் கவிழ்ந்தது. தண்ணீர் டாக்டரின் காலணிகளைத் திருமஞ்சனம் செய்தது.

"தினம் தோள்லயா தூக்குவீங்க?" என்றார் டாக்டர், காலை உதறிக்கொண்டே.

"விசேஷ நாள்ல."

"பரவால்ல. பெருக்கறதைக் காட்டுங்க." துடைப்பம் ஒன்று கைக்கு வந்தது.

ஆதிகேசவன் அதன் அடியைக் கையில் பற்றி, நுனியை மேலே தூக்கி, மெல்ல இடமும் வலமும் வீசினார். பெருமாளுக்குச் சாமரம் வீசிய கை வேறு எப்படி வீசும்? டாக்டரின் முகத்தில் இதமான காற்று பட்டது.

கதவிடுக்கிலிருந்து டோரீன் இருமினாள். இருமலாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குள் வெறும் வயிறும் இறுகிய கச்சையும் தம் வேலையைக் காட்டின. தலை சுற்றிற்று. டாக்டர் அவரைப் பிடித்து நீண்ட மேசையில் கவிழ்ந்து படுக்க வைத்தார். மேசையின் தலைப்பக்கத்தில் ஓட்டை ஒன்று இருந்தது. முகத்தை அதில் வைக்கச் சொன்னார். ஆதிகேசவனுக்கு இப்போது தரை மட்டுமே தெரிந்தது. சிந்திய தண்ணீர் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

டாக்டரின் விரல்கள் முதுகெலும்பின் கணுக்கணுவாக இறங்கின. காலைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். படக்கென்று எதுவும் முறியவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

"சார், உங்க இடது கால்ல ஒண்ணுமே இல்ல. வலது பக்கம் ஒரு சாதாரணத் தசைப்பிடிப்பு. மேல யாரோ உதைச்ச காயம்."

"காலால பொறந்தவன்" என்றார் ஆதிகேசவன் ஓட்டைக்குள்.

"இந்தக் காகிதத்துல இருக்கிற கதையை உங்க முதுகு சொல்லல சார். இது ரொம்ப நாள் குனிஞ்சு பாரம் தூக்கின ஒருத்தரோட கதை. உங்களோடது உட்கார்ந்திருந்த முதுகு."

எங்கோ வெளியே, மூடிய கதவுக்கு அப்பால், முத்தம்மாவின் கூடை தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

ஓட்டையின் வழியே தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கு, தாம் பார்க்காமல் விட்டவையெல்லாம் அந்த ஈரத்தில் ஒவ்வொன்றாக எழுந்தன. இரவில் விளக்கில்லாத சமையலறையில் அவள் சுவரைப் பிடித்து நின்றது. தாகமாயிருக்கும் என்று எண்ணி அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சென்ற மார்கழியில் வாசற்கோலம் உள்ளங்கையளவாகச் சுருங்கியது. "பெருமாள் வர்ற வாசல்ல இப்படியா போடுவ? பக்தி கொறஞ்சு போச்சு உனக்கு" என்று தெருவே கேட்கச் சொன்னார். அவள் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இடது காலைச் சற்று இழுத்துக்கொண்டு போனாள். அதையும் அவர் பார்த்தார். பார்த்தார், காணவில்லை.

ஆண்டுக்கு ஒருநாள், நாலு தெரு, பதினாறு தோளோடு ஒரு தோளாக இறைவனைச் சுமந்தமைக்கு ஊர் அவருக்கு மாலை இட்டது. அன்றாடம் அவரைச் சுமந்தவளுக்கு யார் எதை இட்டார்கள்?

"அது என் முதுகில்ல டாக்டர்" என்றார். குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. "அவளோடது. நீங்க கேட்டீங்க, அவ தன் வலியைச் சொல்லியிருக்கா. இத்தனை நாள் கேட்க யாரும் இல்லாம, இன்னிக்குக் கேட்டதும் சொல்லியிருக்கா."

டாக்டர் அவரைக் கைகொடுத்து எழுப்பி உட்கார வைத்தார். கச்சையைத் தளர்த்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"உத்திரத்துக்குப் பல்லக்குத் தூக்கணும்னு ஆன்ட்டி சொன்னாங்க. தூக்கலாம் சார். அதுக்குள்ள பிடிப்பு விட்டுடும். ஆனா அதுவரைக்கும் முழு ஓய்வு வேணும். ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது."

"அப்ப தண்ணி யாரு தூக்குவா?"

இந்தக் கேள்வியை ஆதிகேசவன் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டார்.

"இத்தனை நாளா தூக்கினவங்கதான்."

"வேற வழி?"

"பல்லக்கை இந்த வருஷம் விட்டுடணும். நாலு நாள் கழிச்சுக் கால் பக்கெட்ல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா வீட்டு பாரத்தைப் பழகிக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான் இப்ப உங்க முதுகு தாங்கும்."

ஆதிகேசவன் தம் வலத்தோளைத் தொட்டுப் பார்த்தார். தண்டு அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன இடம் கையில் தட்டுப்பட்டது. ஓர் ஆண்டு விட்டால் அது திரும்பாது. மேளம் முன்னே முழங்க, குடை அசைய, பச்சைமுத்துவின் தோளில் ஏறி அது தெருவைக் கடந்து போவதை அவர் மனக்கண்ணில் பார்த்தார். தாம் நின்ற இடத்திலேயே நின்று, அது சென்று மறையும்வரை பார்த்தார்.

"பச்சைமுத்து தூக்கட்டும்" என்றார். "எப்படித் தூக்கணும்னு சொல்லிக் குடுங்க."

டாக்டர் பக்கெட்டை மீண்டும் வைத்தார், இம்முறை வெறுமையாக. நேரே போய் நிற்கச் சொன்னார். முழங்காலை மடிக்கச் சொன்னார். பாரத்தை வயிற்றோடு அணைத்து, நிமிர்ந்த முதுகோடு எழச் சொன்னார். அந்த முறையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஆதிகேசவனுக்குத் தோன்றியது. ஆனால் நெஞ்சு கனத்திருந்தவருக்கு நினைவு ஓடவில்லை.

"இப்ப அவளைப் பாருங்க டாக்டர். எனக்கு வாங்கின நேரத்தை அவளுக்குக் குடுத்துடுங்க."

"கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

ஆதிகேசவன் பிறைவடிவம் ஓரளவு நிமிர்ந்தவராகக் கதவைத் திறந்தார். முத்தம்மா முதல் நாற்காலியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்தார், முழங்காலை மடித்துத்தான், அந்தக் கூடையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். அவள் அதை விடாமல் ஒரு கணம் பிடித்திருந்தாள், பழக்கமில்லாததால்.

"முத்தம்மா, எந்திரிச்சு வா. என் முதுகு கெடக்குது. உன்னைத்தான் பார்க்கணும். நான் பாவி, எனக்குத் தெரியல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"மொதத் தடவைன்னு பயப்படாதே. நான் எல்லாம் பார்த்துட்டேன். மொதல்ல உக்கார வெச்சுப் பேசுவாரு, உள்ளதை மறைக்காம சொல்லிடு. அப்புறம் நிக்க வெப்பாரு, பக்கெட்டைத் தூக்கச் சொல்லுவாரு. ஒரு மேசை இருக்கு, அதுல தலைமாட்டுல ஒரு ஓட்டை இருக்கும். மூஞ்சியை அதுல வெக்கணும். மூச்சு முட்டாது. கழுத்தையெல்லாம் திருப்ப மாட்டாங்க, பச்சைமுத்து சொன்னது பொய்யி. நான் வாசல்லயே நிக்கிறேன்."

முத்தம்மா அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. உதடு மட்டும் எதையோ அடக்கப் பாடுபட்டது. அவள் திரும்பி மேசைப் பக்கம் பார்த்தாள்.

டோரீன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு முன்னாடிலேருந்து பஜனைன்னு சொல்லிட்டு சனிக்கிழமை தவறாம இங்க வந்து, அந்த ஓட்டையில மூஞ்சி வெச்சுப் படுத்து, போன மாசமே குணமாயிட்டாங்க, வீட்ல தண்ணி தூக்க இன்னொரு ஆள் இல்லாட்டி வலி திரும்பி வந்துடும்னு டாக்டர் சொன்னாரு, அந்த ஆளுக்குத்தான் இன்னிக்கு முதல் அப்பாயின்ட்மென்ட்."